ஓராண்டு விருந்தினர்: கொரியாவில் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்

தென்கொரியாவில் மொழி கற்பிக்க வரும் அயல்நாட்டவருக்கு வழங்கப்படும் விசா இ-2 என்று குறிக்கப்படுகிறது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கென வகுக்கப்பட்டது. விண்ணப்பிப்பவர் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும், பட்டச் சான்றிதழும் குற்றப் பின்னணி இல்லை என்னும் சான்றும் முறைப்படி மெய்யுறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். பணி ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குரியது. வேலைக்கு அமர்த்துபவரே குடியிருக்க ஓர் அறையை எடுத்துத் தருகிறார் அல்லது வாடகைப் படி வழங்குகிறார். விசாவும் அந்தப் பணியிடத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறிடம் மாற விரும்புபவர் பழைய முதலாளியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் பெற்றாக வேண்டும். வேலை, வீடு, நாட்டில் தங்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் உடன் விழுகின்றன. அயல்நாட்டு ஆசிரியர் கொரியாவில் காலூன்றுவதைப் பற்றிய எந்த ஆய்வும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். உணவு, குளிர், தனிமை என்று வழக்கமாகப் பேசப்படும் இடர்கள் எல்லாம் இதற்குப் பின்னரே வருகின்றன.

ஒருவரை ஓராண்டு விருந்தினராக மட்டுமே எண்ணிப் பார்க்கும் சட்டம், அவர் அங்கே வாழ்வதற்கான வழியைத் தானாக அமைத்துக் கொடுப்பதில்லை. எனினும் கொரியாவில் ஆங்கிலம் கற்பித்தலுக்கு ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு உண்டு. அந்த நெடிய காலத்தில் வந்து போனவர்கள் பல்லாயிரவர் என்றாலும், அந்நாட்டைத் தம்முடையதாக்கிக்கொண்டவர்களும் அந்நாடு தன்னுடையவராக்கிக்கொண்டவர்களும் இல்லாமற் போகவில்லை. அத்தகையோரின் வாழ்வைப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை தெளிவாகத் தெரிகிறது: கற்பிக்க வந்தவர் கொரிய மொழியின் முன் மாணவராக அமர்ந்த ஒரு காலம் அவர்கள் வாழ்வில் இருந்திருக்கிறது. எளிதாகச் சொல்லிவிடக்கூடிய இக்கருத்தின் முழு எடையை உணர, அந்த வரலாற்றையும் அன்றாட நடப்பையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மேலை நாடுகளோடு உடன்படிக்கைகள் செய்துகொள்ளத் தொடங்கிய அன்றைய கொரியாவின் ஜோசொன் அரசு, மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்க 1883இல் தொங்முன்ஹாக் என்னும் பள்ளியை நிறுவியது. அதன்பின் 1886இல் மன்னர் கோஜொங் யுக்யொங் கொங்வொன் என்னும் அரசப் பள்ளியை ஏற்படுத்தினார். இளம் அதிகாரிகளுக்கும் உயர்குடிப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தின் வழியே புதிய கல்வியைத் தருவது அதன் நோக்கம். கற்பிக்க அமெரிக்காவிலிருந்து ஹோமர் ஹல்பர்ட், ஜார்ஜ் கில்மோர், டெல்செல் பங்கர் ஆகிய மூன்று இளைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. மாணவர்களின் ஆர்வம் தளர, 1894இல் அது மூடப்பட்டது. ஆனால் அங்கு ஆசிரியராக வந்த ஹல்பர்ட்டின் வாழ்க்கை, இன்றும் விமானத்திலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஆங்கில ஆசிரியரின் முன்னும் வைக்கத்தக்கது.

ஹல்பர்ட் வந்தவுடன் ஹங்குலைக் கற்றார். ஹங்குல் என்பது பதினைந்தாம் நூற்றாண்டில் மன்னர் சேஜொங் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த எழுத்துமுறை. இன்று அதில் 24 அடிப்படை எழுத்துகள் உள்ளன. ஹல்பர்ட்டின் காலத்தில் கொரியக் கற்றோர் சீன எழுத்தையே மதித்தனர், ஹங்குலைப் பெண்களுக்கும் கல்லாதாருக்கும் உரியதென்று ஒதுக்கினர். ஆங்கிலம் கற்பிக்க ஊதியம் பெற்று வந்த அந்த இளைஞர், வந்த சில ஆண்டுகளுக்குள் முழுவதும் ஹங்குலிலேயே உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை எழுதினார். ‘சாமின்பில்ஜி’ என்னும் அந்நூல், ஹங்குலில் மட்டுமே அமைந்த பாடநூல்களுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. கொரிய மக்களின் பாட்டான அரிராங்கை 1896இல் மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதி வெளியிட்டவரும் அவரே. தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு: கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்திற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், கொரிய மொழியையும் இந்தியாவின் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்றை ஹல்பர்ட் சியோலில் வெளியிட்டார். இவ்விரு மொழிக்குழுக்களும் ஒரு தாய் வழி வந்தவை என்னும் அவருடைய முடிவைப் பிற்கால மொழியியல் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கொரிய வாக்கியத்தின் அமைப்பைத் தமிழ் வாக்கியத்தின் அமைப்போடு பொருத்திப் பார்க்கும் அளவுக்கு அவர் அம்மொழிக்குள் சென்றிருந்தார் என்பதுதான் இங்கு கருதத்தக்கது.

ஜப்பானிய ஆதிக்கம் இறுகியபோது, மன்னர் கோஜொங்கின் தூதராக ஹல்பர்ட் 1905இல் வாஷிங்டனுக்கும் 1907இல் ஹேக் நகர அமைதி மாநாட்டுக்கும் சென்று கொரியாவின் விடுதலைக்காக வாதாடினார். இரு முயற்சிகளும் தோற்றன, அவரால் கொரியாவில் தொடர்ந்து வாழவும் இயலாமற் போயிற்று. நாடு விடுதலை பெற்றபின் 1949இல் அரசின் அழைப்பின் பேரில் 86 வயதில் திரும்பி வந்த அவர், வந்த ஒரு வாரத்திற்குள், ஆகஸ்ட் 5ஆம் நாள், சியோலில் காலமானார். ஹான் ஆற்றங்கரையிலுள்ள யங்ஹ்வாஜின் அயல்நாட்டார் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். யுக்யொங் கொங்வொன் பள்ளியில் படித்தவர்களுள் ஒருவர் யி வான்யொங். 1910இல் நாட்டை ஜப்பானுடன் இணைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரதமர் அவர்தான். ஒரே பள்ளியில் ஆங்கிலம் கற்ற உயர்குடிக் கொரியர் நாட்டைக் கைவிட்டுவிட, கொரிய மொழியைக் கற்ற அமெரிக்கர் அந்நாட்டுக்காக உலகத் தலைநகரங்களில் கதவைத் தட்டினார். ஒரு மொழியைக் கற்பதும் ஒரு நாட்டை நேசிப்பதும் தாமாகவே இணைந்துவிடுவதில்லை என்பதற்கு யி வான்யொங் சான்று. அவை இணையும்போது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஹல்பர்ட் சான்று.

அடுத்த அலை கொரியப் போரின் அழிவிலிருந்து நாடு எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வந்தது. அமெரிக்க அமைதிப் படை என்பது அந்நாட்டு இளைஞர்களை வளரும் நாடுகளுக்குத் தொண்டர்களாக அனுப்பும் அரசு அமைப்பு. 1966 முதல் 1981 வரை ஏறத்தாழ 2,000 தொண்டர்கள் அதன் வழியே கொரியாவுக்கு வந்தனர். அவர்களுள் பலர் சிற்றூர்களின் நடுநிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தனர். அவர்களுக்குக் கொரிய மொழிப் பயிற்சி முதலில் அளிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் தங்கியது கொரியக் குடும்பங்களின் வீடுகளில். அவர்களுக்குக் கிடைத்தது வாழ்க்கைச் செலவுக்கான சிறு படி மட்டுமே. 1975இல் தென் சுங்சொங் மாகாணத்தின் யேசான் ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த கேத்லீன் ஸ்டீவன்ஸ், 2008இல் அமெரிக்கத் தூதராக அதே நாட்டுக்குத் திரும்பி வந்தார். கொரிய மொழி சரளமாகப் பேசிய அவரை மக்கள் ஷிம் உன்க்யொங் என்னும் அவருடைய கொரியப் பெயராலேயே அழைத்தனர். கொரியர்கள் ‘ஜொங்’ என்று ஓர் உணர்வைக் குறிப்பிடுகின்றனர். நெடுநாள் உடனிருப்பதாலும் ஒரே சட்டியில் உண்பதாலும் சிறுகச் சிறுகச் சேரும் பற்று அது, பிரிந்தபின்னும் நீங்காதது. 2020இல் பெருந்தொற்று அமெரிக்காவைச் சூழ்ந்தபோது, கொரிய அறக்கட்டளை என்னும் பொது நிறுவனம், முதுமை எய்தியிருந்த முன்னாள் தொண்டர்கள் 500-க்கும் மேற்பட்டோருக்கு முகக்கவசங்கள் அடங்கிய பெட்டிகளை அனுப்பிவைத்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவரை ஒரு நாடு நினைவில் வைத்திருந்தது என்பதைவிட ஆசிரியப் பணிக்குப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

இன்றைய ஆசிரியர் வந்து சேரும் கொரியா வேறு. 1980 ஜூலையில் இராணுவ ஆட்சியாளர்கள் தனிப்பயிற்சியைத் தடை செய்தனர். அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2000 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1997 முதல் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடமாயிற்று. பள்ளிகளுக்கு அயல்நாட்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப 1995இல் எபிக் என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றுக்கு இணையாக வளர்ந்தது ஹாக்வொன், அதாவது பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் செல்லும் தனியார் பயிற்சி நிலையம். சியோலின் தேச்சிடொங் பகுதியில் இவை தெருத்தெருவாக அடுக்குமாடிகளை நிறைத்திருக்கின்றன. இரவு பத்து மணிக்குமேல் நடத்தக் கூடாது என்று சியோல் நகரம் விதி வகுக்க வேண்டியிருந்தது என்பதே அவற்றின் வீச்சைக் காட்டும். 2024ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி பள்ளிப் பிள்ளைகளின் தனியார் கல்விக்காகக் கொரியக் குடும்பங்கள் செலவிட்டது 29.2 இலட்சம் கோடி வோன். பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேர் ஏதேனும் ஒரு தனியார் வகுப்புக்குச் செல்கின்றனர். மன்னரின் விருந்தினராகவும் பின்னர்ச் சிற்றூர்க் குடும்பத்தின் விருந்தினராகவும் இருந்த ஆங்கில ஆசிரியர், இப்பெருஞ்சந்தையில் விலை குறிக்கப்பட்ட சேவையாக மாறினார். இம்மாற்றத்தின் துயரத்தை எவரேனும் ஒருவர் மீது மட்டும் சுமத்த இயலாது. பிள்ளைகளின் எதிர்காலம் குறித்த பெற்றோரின் அச்சமே அதை இயக்குகிறது.

ஹாக்வொனில் ஆசிரியரின் நாள் பிற்பகலில் தொடங்கி இரவில் முடிகிறது. வொன்ஜாங்னிம் என்று மதிப்புடன் அழைக்கப்படும் நிலையத் தலைவருக்குப் பெற்றோர்கள் வாடிக்கையாளர்கள்; ஒரு தாயின் தொலைபேசி அழைப்பு பாடத்திட்டத்தை மாற்றிவிடலாம். நேர்மையான நிலையங்கள் பல உண்டு. ஓராண்டு நிறைந்தால் ஒரு மாத ஊதியத்துக்குக் குறையாத தொகையைப் பணிக்கொடையாக வழங்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், பதினோராம் மாதத்தில் ஆசிரியரை விலக்கும் நிலையங்களும் உண்டு. மாத ஊதியம் பெரும்பாலும் இருபது இலட்சம் வோனுக்குச் சற்று மேலே நிற்கிறது. அரசுப் பள்ளியில் நிலைமை அமைதியானது: வாரத்துக்கு ஏறத்தாழ 22 வகுப்புகள், உடன் கற்பிக்கும் கொரிய ஆசிரியர், உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே தட்டில் சோறும் சூப்பும் கிம்ச்சியும். ஆனால் விடுமுறைக் காலங்களில் மாணவரில்லாத பள்ளியின் மேசை முன் தனியே அமர்ந்து பொழுதைக் கழிக்க வேண்டிய ஒப்பந்த விதியும் அங்கு உண்டு.

மேல்வகுப்புகளுக்குச் செல்லச் செல்ல, அயல்நாட்டு ஆசிரியரின் பணி தேவையற்றதுபோல் தோன்றத் தொடங்குவதற்குக் காரணம் தேர்வுமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நடைபெறும் சுநுங் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 வினாக்கள், 70 நிமிடங்கள். அவற்றுள் 17 வினாக்கள் கேட்டு விடையளிப்பவை. அந்த ஒலிப்பகுதி நடைபெறும்போது நாடு முழுவதும் விமானங்கள் மேலெழுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. இத்தனை அக்கறையோடு நடத்தப்படும் அத்தேர்வில் பேசுவதற்கும் எழுதுவதற்கும் இடமில்லை. பேச்சைக் கற்பிப்பதற்கென்று கடல்கடந்து வரவழைக்கப்பட்டவரின் பாடம், மாணவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணில் சேராத பாடமாகிவிடுகிறது. அவருடைய வகுப்பில் பதினேழு வயதுப் பிள்ளை மேசைமீது தலை சாய்த்து உறங்கினால் அது அவமதிப்பன்று. முந்தைய இரவு அப்பிள்ளை எங்கே, எதுவரை விழித்திருந்தது என்பதை அறிந்த ஆசிரியருக்குச் சினம் எழாது. அதை அறிவதற்கும் அப்பிள்ளையோடு அதன் மொழியில் நான்கு சொற்களேனும் பேச வேண்டியிருக்கிறது.

அன்றாட வாழ்வின் தொடக்க நாள்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 90 நாளுக்குள் பெற வேண்டிய அயல்நாட்டார் பதிவு அட்டை கைக்கு வரும்வரை கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் எளிதில் கிடைப்பதில்லை. தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் ஒன்டோல் முறையால் கடுங்குளிரிலும் அறை கதகதப்பாக இருக்கிறது. 1995 முதல் குப்பையை அந்தந்த வட்டாரத்துக்கென விற்கப்படும் கட்டணப் பைகளில்தான் போட வேண்டும். உணவுக் கழிவு தனி, நெகிழி தனி, தாள் தனி. பை மாறினால் அண்டை வீட்டு முதியவர் வந்து நிற்பார். பல ஆசிரியர்களுக்குக் கொரியாவில் தம்மை ஒரு குடியிருப்பாளராக நடத்திய முதல் மனிதர் அந்த முதியவராகத்தான் இருப்பார் என்பதால், அந்தக் கண்டிப்பை ஒரு வரவேற்பாகவே கொள்ளலாம்.

உண்மையான கடினம் பேச்சின் படிநிலைகளில் இருக்கிறது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கொரிய மொழியில் எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல் ஒரு வினைச்சொல்லை முடிக்க முடியாது. மூத்தோரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் பேசும் மதிப்பு வழக்கு ஜோன்டேமல் எனப்படும். நெருங்கிய நண்பரிடமும் இளையோரிடமும் பேசும் நெருக்க வழக்கு பன்மல் எனப்படும். புதிதாகச் சந்திக்கும் இருவர் வயதை விசாரித்துக்கொள்வது இதனால்தான். பிறக்கும்போதே ஒரு வயது என்று எண்ணும் பழைய முறையை 2023 ஜூன் முதல் சட்டம் நீக்கிவிட்டது. ஆனால் யார் மூத்தவர் என்று அறிந்துகொள்ளும் தேவை நீங்கவில்லை. அறிந்தபின் உறவுப்பெயர்கள் வருகின்றன. இரத்த உறவு இல்லாதவரையும் அண்ணன், அக்கா என்று அழைக்கும் வழக்கம் கொரியரிடமும் ஆழமாக இருக்கிறது. அங்கு ஆணுக்கு அண்ணன் ஹ்யொங், பெண்ணுக்கு அண்ணன் ஒப்பா. ஆணுக்கு அக்கா நூனா, பெண்ணுக்கு அக்கா ஒன்னி. கடைக்காரப் பெண்மணியை அக்கா என்றும் பேருந்து நடத்துனரை அண்ணே என்றும் அழைத்து வளர்ந்த ஒருவருக்கு இதில் விளக்க வேண்டியது ஏதுமில்லை; எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கத்தில் வளர்ந்த ஆசிரியருக்கோ இது கண்ணுக்குப் புலப்படாத ஒரு முழு உலகம்.

ஆங்கிலம் மட்டுமே பேசுபவர் இந்த உலகத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். அவரிடம் பேசும்போது எந்த வினைமுடிவைத் தேர்வது என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. அவர் மூத்தவரும் இல்லை, இளையவரும் இல்லை. தொடக்கத்தில் இது பெரிய விடுதலையாகத் தோன்றும். தலைமையாசிரியரிடம்கூட அவர் சிரித்துப் பேசலாம், தவறினால் அயலார்தானே என்று மன்னிக்கப்படுவார். ஆனால் படிநிலையிலிருந்து விலக்குப் பெற்றவர் உறவிலிருந்தும் விலக்குப் பெற்றவராகிறார். யாருக்கும் தம்பியாக இல்லாதவருக்குச் சோறு வாங்கித் தர வேண்டிய அண்ணன் இல்லை. யாருக்கும் அக்காவாக இல்லாதவரிடம் தன் துயரத்தைச் சொல்லி அழும் தங்கை இல்லை. ஆசிரியர் அறையில் அவர் ‘வொனொமின்’, அதாவது தாய்மொழியாளர், என்னும் வகைப்பெயரால் சுட்டப்படுகிறார். ஐந்தாம் பாடவேளை நீக்கப்பட்டது, நாளை பள்ளிச் சுற்றுலா என்னும் செய்திகள் அவருக்குக் கடைசியாகவே வந்து சேர்வதும் பலரும் மனம் நோகும் விஷயம். செய்தி கொரிய மொழிக் குழுவில் முன்னமே பரவியிருக்கும். அவர் ஒருவருக்காக அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய உடன் ஆசிரியர், தம் ஆங்கிலம் பிழைபடுமோ என்று கூசித் தள்ளிப்போட்டிருப்பார். கொரிய ஆங்கில ஆசிரியர்கள் தம்மைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதைப் புதிதாக வருபவர் உணர்வதற்கு நெடுங்காலம் ஆகிறது.

ஹ்வேசிக் எனப்படும் பணியிட விருந்து இந்தத் தடுப்பு சற்றே விலகும் இடம். வாட்டிய பன்றி இறைச்சியும் சோஜு மதுவும் நிறைந்த மேசையில், மூத்தவரின் கோப்பையை இரு கைகளாலும் நிரப்ப வேண்டும், தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ளக் கூடாது, மூத்தவர் முன் குடிக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று அடுத்திருப்பவர் அயல்நாட்டு ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சொல்லாமல் உணர்ந்துகொள்ளும் கூர்மையைக் கொரியர்கள் ‘நுன்ச்சி’ என்பர். அது வாய்க்கப்பெறாதவருக்கு வாயால் சொல்லிக்கொடுப்பது தனிக் கனிவு. அன்று துணைத் தலைமையாசிரியரிடம் உடைந்த கொரியத்தில் அவர் பேசும் ஒரு வாக்கியம், பிழையாக இருந்தாலும், மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையின் முகத்தை மாற்றிவிடுகிறது. பிழைபடப் பேசும் துணிவு இருவருக்கும் வந்துவிடுவதே காரணம்.

தாய்மொழியாளர் என்னும் வகைப்பாடு கடவுச்சீட்டினால் வரையறுக்கப்படுவது இன்னொரு காயத்தை உண்டாக்குகிறது. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும் வழக்கம், வெள்ளைத் தோலுக்கு முன்னுரிமை தரும் நிலையங்களுக்கு வழி செய்திருக்கிறது. கறுப்பின ஆசிரியர்களும் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளியினரும்கூட இதன் கசப்பை அறிவர். 2007இல், கொரியாவில் ஆசிரியராக இருந்த ஓர் அயல்நாட்டவர் பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களுக்காகப் பிற நாட்டில் பிடிபட்டபின், அந்த அச்சத்தில் இ-2 ஆசிரியர் அனைவருக்கும் எச்ஐவி சோதனை கட்டாயமாக்கப்பட்டது. அதே பணி செய்யும் கொரிய ஆசிரியர்களுக்கு அச்சோதனை கிடையாது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவிடம் முறையிட, 2015இல் அக்குழு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; 2017இல் அவ்விதி நீக்கப்பட்டது. பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஒரு தொழிலினர் அனைவரையும் நோயாளிகளாக ஐயுற்று அதைச் செய்ய இயலாது என்பதை ஒரு தனி ஆசிரியையின் விடாமுயற்சி ஏற்கச் செய்தது.

இந்தியா ஏழு நாடுகளின் பட்டியலில் இல்லை. எனினும் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கையில், ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியத் தகுதிச் சான்றும் பெற்ற இந்தியர்கள் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் பணியாற்ற வழி செய்யப்பட்டிருக்கிறது. வணிக உடன்படிக்கையின் ஒரு மூலையிலிருக்கும் இவ்விதி கல்வி நோக்கில் மிகப் பொருளுள்ளது. கொரியப் பிள்ளை ஆங்கிலத்தில் எங்கே இடறுகிறது? பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டுச் சிறுசொற்களைத் தவறவிடுகிறது. வினையை வாக்கியத்தின் நடுவில் வைக்கத் தடுமாறுகிறது. பெயருக்குப் பின் ஒட்ட வேண்டிய வேற்றுமையை முன்னிடைச் சொல்லாக மாற்ற அல்லலுறுகிறது. பெயருக்கு முன்னே வரும் பெயரெச்சத் தொடரைப் பின்னே கொண்டுபோக இயலாமல் நிற்கிறது. கொரிய மொழியில் வினை இறுதியில் வரும், உருபு பெயருக்குப் பின் ஒட்டும், எச்சத் தொடர் பெயருக்கு முன் நிற்கும், தமிழிலும் அவ்வாறே. தமிழ்ப் பள்ளியொன்றில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று மேலெழுந்த ஓர் ஆசிரியர், அந்த இடறல் ஒவ்வொன்றையும் தம் இளமையில் கடந்து வந்தவர். பிறப்பிலேயே ஆங்கிலம் பெற்றவருக்கு அந்த நினைவு இல்லை. ஹல்பர்ட் வரலாற்று உறவாக எண்ணி மயங்கிய அந்த அமைப்பொற்றுமை, வகுப்பறையில் உண்மையான பயன் தரக்கூடியது.

தாய்மொழியாளரும் அந்த அறிவைப் பெறலாம். கொரிய மொழியைக் கற்பதே அதற்கு வழி. ஹங்குலின் எழுத்துகளைச் சில நாள்களில் படித்துவிடலாம்; மொழி வசப்படுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். கொரிய அரசும் இதை அறியாமல் இல்லை. 2009 முதல் நீதி அமைச்சகம் நடத்தும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டம் அயல்நாட்டவருக்கு மொழியையும் சமூக அறிவையும் படிப்படியாகக் கற்பிக்கிறது. அதை முடித்தவர்களுக்கு, முதலாளியோடு பிணைக்கப்படாத எஃப்-2 குடியிருப்பு விசாவுக்கான புள்ளிகள் கூடுகின்றன. தங்க விரும்புபவரிடம் மொழியைக் கற்றுவரக் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அதே அரசு, கற்றுக்கொள்ளத் தேவையான ஆண்டுகளை ஓராண்டு ஒப்பந்தங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் வீட்டையும் விசாவையும் முதலாளியின் கையில் ஒப்படைக்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பொருத்த வேண்டிய கட்டாயமும் நெருங்கியிருக்கிறது. 2023இல் கொரியாவின் கருவள வீதம் 0.72 ஆக வீழ்ந்தது. சிற்றூர்ப் பள்ளிகள் பிள்ளைகளின்றி ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. சியோல் நகரம் 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்தும் பின்னர் நடுநிலைப் பள்ளிகளிலிருந்தும் அயல்நாட்டு ஆசிரியர்களைப் பெருமளவில் குறைத்தது. ஆள் குறையும் ஒரு நாட்டில், அதன் பிள்ளைகளையும் மொழியையும் அறிந்துவிட்ட ஆசிரியரை ஆண்டுதோறும் அனுப்பிவிட்டு, ஏதுமறியாத இன்னொருவரை வரவழைப்பது பெரும் வீண்செலவு.

ஆதலால் செய்ய வேண்டியவை தெளிவானவை. விடுவிப்புக் கடிதம் என்னும் விதியைக் கொரிய அரசு நீக்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்தேனும் இ-2 விசா ஆசிரியரின் பெயரிலேயே நிற்க வேண்டும், பணியிடத்தின் பெயரில் அன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலமும் கல்வியியலும் பயின்று, 2010இன் உடன்படிக்கை திறந்த வாயிலின் வழியே செல்ல எண்ணும் தமிழ் இளைஞர்கள், தங்குமிடம், காப்பீடு, பணிக்கொடை, வேலை நேரம் ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். புறப்படுவதற்கு முன்பே ஹங்குலைப் படித்து முடித்திருக்க வேண்டும்.